பர்மா சண்டையில் இறந்த ஜமேதாருக்கு ஊரில் ஒரு கல்

நீங்கள் கேட்டது இது. வேலூர்ப் பக்கம் உங்கள் ஊர். தாத்தாவின் அண்ணன் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் ஜமேதார். 1945 மார்ச்சில் பர்மாவில் இறந்துவிட்டார் என்று தந்தி வந்ததாம், உடல் வரவில்லை. வீட்டில் மிச்சமிருப்பது சீருடையில் ஒரு போட்டோவும் ஒரு பதக்கமும். அவருக்குக் கல்லறை எங்காவது இருக்கிறதா, ஊரில் ஒரு கல் வைத்தால் அதில் என்ன எழுதுவது, "வெள்ளைக்காரனுக்காகச் செத்தவருக்கு எதற்குக் கல்" என்று கேட்கிற உறவுக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது.

நான் ரங்கூனில் இருப்பவன். ஊரிலிருந்து இப்படித் தேடி வருகிறவர்களைத் தவுக்யான் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவதும், வர முடியாதவர்களுக்குப் பெயரைத் தேடிப் படம் எடுத்து அனுப்புவதும் எனக்குப் பழகிப்போன வேலை. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அவருக்குத் தனிக் கல்லறை இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் பெயர் அநேகமாக இங்கே கல்லில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, அவர் யார், என்ன வேலை பார்த்தார், எங்கே இறந்தார் என்று தெரிந்துகொள்ளாமல் ஊரில் கல் செதுக்க ஆளை விடாதீர்கள். கல் வைப்பது ஒரு வாரத்து வேலை. அந்த மனிதரைத் தெரிந்துகொள்வதற்குத்தான் நாள் பிடிக்கும், அவருக்குச் செய்கிற மரியாதையும் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ரங்கூனிலிருந்து வடக்கே பியே சாலையில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர், மாண்டலே சாலை பிரிகிற இடத்தை ஒட்டி இருக்கிறது தவுக்யான். போர் முடிந்த பிறகு அக்யாப், மாண்டலே, மெய்க்திலா, சாமோ ஆகிய இடங்களில் இருந்த சண்டைக்காலக் கல்லறைகளிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து இங்கே அடக்கம் செய்தார்கள். தோட்டத்தை 1951இல் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் 6,374, அதில் 867 பேர் யாரென்றே தெரியாதவர்கள். ஒவ்வொருவருக்கும் தரையை ஒட்டி ஒரு தாழ்வான கல், மேலே உலோகத் தகடு. கர்னலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுதான், 1917இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தொடங்கிய காலத்திலிருந்து அந்த விதியை அவர்கள் மாற்றவில்லை.

இதெல்லாம் கல்லறை உள்ளவர்களுக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது நடுவில் நிற்கிற ரங்கூன் நினைவுச் சின்னம். நீளமாக இரண்டு பக்கமும் தூண் வரிசை, நடுவில் வட்ட மண்டபம். 1958 பிப்ரவரியில் திறந்து வைத்தார்கள். பர்மா சண்டையில் இறந்து, கல்லறை எது என்று தெரியாமல் போன சுமார் 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில் வெட்டியிருக்கின்றன, பெரும்பாலோர் இந்தியப் படையினர். எல்லாச் சுதந்திர மனிதர்களுக்காகவும் இவர்கள் இறந்தார்கள் என்ற பொருளில் ஒரு வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குருமுகி ஆகியவற்றில் இருக்கிறது. தமிழில் இல்லை. தூண்களில் கீழிருந்து மேல்வரை எத்தனையோ முனுசாமிகளும் கோவிந்தசாமிகளும் ஆரோக்கியசாமிகளும் இருக்கையில் நாலு தமிழ் எழுத்து அங்கே இல்லாதது எனக்கு இன்னும் குறையாகத்தான் படுகிறது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று உண்டு, தேடி வருகிற தமிழ்க் குடும்பங்களில் பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். தங்கள் மத வழக்கப்படி தகனம் செய்யப்பட்டவர்களுக்கான தனி நினைவுச் சின்னம் அது, ஆயிரத்துக்கு மேல் பெயர்கள். லெப்டினன்ட் கரம்ஜீத் சிங் ஜட்ஜ் என்று ஒருவர், 15ஆம் பஞ்சாப் ரெஜிமெண்ட், 1945 மார்ச் 18 அன்று மியின்ஜான் பக்கம் எதிரியின் பதுங்குகுழிகளை ஒவ்வொன்றாக டாங்கிகளுக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டே முன்னால் போய்க் குண்டடிபட்டு இறந்தார், வயது 21. வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. அவருக்கும் கல்லறை கிடையாது, இந்தத் தகன நினைவுச் சின்னத்தில் ஒரு பெயர்தான். அதனால் உங்கள் பெரிய தாத்தாவுக்குக் கல்லறை இல்லை என்றால் யாரும் அலட்சியமாக விட்டுவிட்டார்கள் என்று உடனே நினைத்துவிட வேண்டாம்.

அதே சமயம் இந்து என்றாலே எரித்திருப்பார்கள் என்றும் முடிவு கட்டாதீர்கள். நம் ஊர்ப் பக்கம் புதைக்கிற வழக்கமுள்ள குடும்பங்கள் எத்தனையோ. வேலூர், ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன கிறிஸ்தவச் சிப்பாய்களும் நிறைய. அவர் புதைக்கப்பட்டிருந்தால் கல்லறை வரிசையிலேயே தகடு இருக்கலாம். ஆக மூன்று இடம்: கல்லறை வரிசை, தகனச் சின்னம், தூண்கள். மூன்றிலும் பார்க்கவேண்டும். இதற்காக யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை, ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம்.

அங்கேதான் பலர் சோர்ந்து போகிறார்கள். பெயரைப் போட்டேன், வரவில்லை என்பார்கள். வராது. அந்தக் காலத்துக் குமாஸ்தா தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியவர். முனுசாமி என்ற பெயரை எம்-யு-என்-யு என்று எழுதியிருக்கலாம், எம்-யு-என்-ஐ என்று எழுதியிருக்கலாம், எம்-ஓ-ஓ-என் என்றுகூட எழுதியிருக்கலாம். கடைசியில் சாமி என்பது ஸ்வாமி ஆகியிருக்கும். நாம் இப்போது போடுகிற இனிஷியல் பெரும்பாலும் இருக்காது. அதனால் பெயரை முழுதாகப் போடாமல் முதல் இரண்டு மூன்று எழுத்தை மட்டும் போட்டு, இரண்டாம் உலகப் போர், இந்தியப் படை, நாடு மியான்மர், பிறகு இறந்த தேதிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று மாதம் என்று வலையை அகலமாக வீசுங்கள். படைப்பிரிவின் பெயரைக் கடைசியில்தான் போட வேண்டும், ஏனென்றால் சாப்பர்ஸ் ஆட்களை எந்தத் தலைப்பின்கீழ் பதிந்திருக்கிறார்கள் என்பதிலேயே குழப்பம் வரும். தந்தி வந்த தேதியையும் நம்ப வேண்டாம். இறந்த தேதிக்கும் தந்தி ஊருக்கு வந்து சேர்ந்த தேதிக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி இருக்கலாம், வீட்டில் நினைவிருப்பது பெரும்பாலும் அழுகைக் குரல் எழுந்த நாள்தான்.

பதிவு கிடைத்துவிட்டால் அதில் என்னென்ன இருக்கும் என்றால் பெயர், பதவி, படை எண், பிரிவு, இறந்த தேதி, எந்தச் சின்னத்தில் எந்த முகப்பு, அதாவது பெயர் வெட்டிய பக்கத்தின் எண். வயது பல இந்தியப் பதிவுகளில் இருக்காது. ஆனால் கடைசியில் ஒரு வரி இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்: இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர், இந்த ஜில்லா. மாவட்டம் பழைய பெயரில் இருக்கும், உங்களுக்கு வட ஆற்காடு. பல குடும்பங்களில் அந்த மனைவியின் பெயரே மறந்துபோயிருக்கிறது. இருபது வயதில் தாலி இழந்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பிப்போய், அப்புறம் அந்தம்மா என்ன ஆனார் என்றே யாருக்கும் தெரியாமல் போன கதைகளை நான் கேட்டிருக்கிறேன். ஆணையத்தின் பதிவில் அவர் பெயர் இருக்கலாம். ஊரில் கல் வைக்கும்போது அந்தப் பெயரும் அதில் வரவேண்டும் என்று நான் உங்களிடம் கட்டாயமாகவே கேட்கிறேன்.

எங்குமே பெயர் இல்லை என்றாலும், தப்பாக இருந்தாலும், ஆணையத்துக்கு எழுதலாம். ஆதாரம் கேட்பார்கள். பழைய ஓய்வூதியத் தாள், படையிலிருந்து வந்த கடிதம், டிஸ்சார்ஜ் புத்தகம், தந்தி, எதுவானாலும் அரசு முத்திரையோடு இருந்தால் பலம். பதக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பர்மா சண்டையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பதக்கம் பர்மா நட்சத்திரம், இந்தியப் படையினருக்குக் கொடுத்ததில் பின்னால் பெரும்பாலும் படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அது பர்மா நட்சத்திரம்தானா என்று தெரிந்துகொள்ள ரிப்பனைப் பாருங்கள், நடுவில் அகலமான சிவப்புப் பட்டை, இரு பக்கமும் கருநீலம், அதற்கு நடுவே மெல்லிய ஆரஞ்சுக் கோடு.

சரி, பெயர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்த மனிதரைப் பார்ப்போம்.

ஜமேதார் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1965இல் அந்தப் பதவிக்கு நாயிப் சுபேதார் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அந்த நாளில் இந்தியப் படையில் வைஸ்ராயின் கமிஷன் பெற்ற அதிகாரிகள் என்று ஒரு வரிசை இருந்தது: ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர். சிப்பாயாகச் சேர்ந்து, வருஷக்கணக்காக உழைத்து, படிப்படியாக மேலே வந்தால்தான் அந்த நட்சத்திரம் தோளில் ஏறும். இந்திய வீரர்கள் இவர்களுக்கு சல்யூட் அடிப்பார்கள், வெள்ளைக்காரச் சிப்பாய் அடிக்க வேண்டியதில்லை, அவன்மேல் இவர்களுக்கு அதிகாரமும் கிடையாது. இருந்தாலும் கம்பெனி நடந்ததே இவர்களால்தான். மேலே இருந்த இளம் வெள்ளைக்கார லெப்டினன்டுக்குத் தன் ஆட்களின் பேச்சு, சாப்பாடு, ஊர்ச் சண்டை, வீட்டுக் கடிதத்தில் வந்த துக்கம் எதுவும் புரியாது. ஆட்களைப் பேர் பேராகத் தெரிந்தவர் ஜமேதார். யாருக்குக் காய்ச்சல், யார் பயந்துபோயிருக்கிறான், யாரை ராத்திரி வேலைக்கு அனுப்பலாம் என்று பார்த்துச் சொல்கிறவர் அவர். உங்கள் வீட்டுப் போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துத் தோளில் பாருங்கள், ஒரே ஒரு நட்சத்திரம் இருந்தால் ஜமேதார், இரண்டு இருந்தால் சுபேதார். வீட்டில் ஒன்று சொல்வார்கள், படம் வேறு சொல்லும்.

சாப்பர்ஸ் செய்த வேலையைப் பற்றி ஊரில் யாருக்கும் ஒரு சித்திரமே கிடையாது, துப்பாக்கியோடு ஓடினார் என்றுதான் நினைப்பார்கள். 1944 கடைசியில் ஆங்கிலேயரின் 14ஆம் ராணுவம் மணிப்பூரிலிருந்து பர்மாவுக்குள் இறங்கியபோது அவர்களுக்கு முன்னால் இருந்த பெரிய எதிரிகளில் ஒன்று சேறு. தமுவிலிருந்து காலேவா வரை வருகிற வழி மழை பெய்தால் கால் வைக்க முடியாத மண். கல் கிடைக்காது. சணல் துணியைத் தாரில் தோய்த்து, சமன் செய்த மண்மேல் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல் விரித்து, அதன்மேல் லாரி ஓட்டினார்கள். வங்காளத்துச் சணல் அது. அப்படி ஏறக்குறைய நூறு மைல் சாலை போட்டார்கள். ஒரு இடத்தில் கிழிந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி அடி மண் கரைந்துவிடும், அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் காவலாக ஆட்கள் நின்று கிழிசலை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காலேவாவில் சிண்ட்வின் என்ற ஆற்றின்மேல் டிசம்பரில் ஒரு பெய்லி பாலம், அதாவது முன்பே செய்த இரும்புத் துண்டுகளைக் கோத்துக் கட்டுகிற பாலம், போட்டார்கள், 1,154 அடி, அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம். பிப்ரவரியில் ஐராவதியைக் கடந்தது, மார்ச் முதல் வாரத்தில் மெய்க்திலா விழுந்தது, மார்ச் 20இல் மாண்டலே. இதில் ஒவ்வொரு கட்டத்திலும் முன்னால் போய்க் கண்ணிவெடியைக் கையால் தடவி எடுப்பது, படகு கட்டுவது, டாங்கி ஏறக் கரையை வெட்டிச் சரிப்பது எல்லாம் பொறியாளர் படையின் வேலை. மெய்க்திலாவைப் பிடித்த பிறகு ஜப்பானியர் திரும்பி வந்து வளைத்துக்கொண்டு மார்ச் முழுக்க விடாமல் அடித்தார்கள். 1945 மார்ச்சில் இறந்தார் என்றால் அநேகமாக இந்த இரண்டு மாதத்து ஓட்டத்தில் எங்கோ ஒரு இடத்தில்தான்.

எங்கே என்று இன்னும் நெருக்கமாகத் தெரியவேண்டுமானால் அவருடைய ஃபீல்டு கம்பெனியின் எண் வேண்டும். அது தெரிந்தால் லண்டன் பக்கம் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் கம்பெனியின் போர் நாட்குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம், பர்மா சண்டைக்கானவை டபிள்யு.ஓ. 172 என்ற வரிசையில் உள்ளன. நாள்தோறும் எங்கே இருந்தோம், என்ன வேலை, எத்தனை பேர் போனார்கள் என்று எழுதியிருப்பார்கள். பதக்கம் ஏதாவது வாங்கியிருந்தால் பரிந்துரைத்த தாள் டபிள்யு.ஓ. 373இல் இருக்கலாம், அது அரைப் பக்கம் இருந்தாலும் பொக்கிஷம், ஏனென்றால் அவரோடு நின்ற ஒரு அதிகாரி அவர் அன்றைக்கு என்ன செய்தார் என்று எழுதியது. இந்தியாவிலேயே கேட்பதென்றால் மதராஸ் சாப்பர்ஸின் வாரிசான மெட்ராஸ் என்ஜினியர் குரூப் பெங்களூரில் இருக்கிறது. படை எண்ணைக் குறிப்பிட்டு, உறவுமுறையைச் சொல்லி, காகிதத்தில் கடிதம் எழுதுங்கள். காலாட்படை மதராஸ் ரெஜிமெண்ட் ஆள் என்றால் நீலகிரியில் வெலிங்டன்.

இப்போது வெள்ளைக்காரனுக்காகச் செத்தார் என்கிற பேச்சு. அப்படிக் கேட்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் ஊரில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகவே வரும், ஏனென்றால் இங்கே தமிழர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். 1944 ஜனவரியில் நேதாஜி தலைமையகத்தை ரங்கூனுக்குக் கொண்டுவந்தார். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து, ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற அவருடைய இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில், ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்கள், அவர்களுக்குத் தலைவி மதராஸிலிருந்து வந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். உங்கள் பெரிய தாத்தாவின் ராணுவம் ஐராவதியைக் கடந்த அதே பிப்ரவரியில் எதிர்க்கரையில் நியாங்கு பக்கம் ஐ.என்.ஏ. நின்றது, அப்புறம் போபா மலையிலும் நின்றது. ஏப்ரல் 24 அன்று நேதாஜி ரங்கூனை விட்டுப் போகும்போது இங்கிருந்த இந்தியர்களின் உயிருக்கும் உடைமைக்கும் காவலாக விட்டுப்போனது மேஜர் ஜெனரல் ஏ.டி. லோகநாதனை, அவரும் தமிழர், தொழிலால் மருத்துவர். ஜப்பானியர் ஓடி, ஆங்கிலேயர் மே 3 அன்று உள்ளே வரும்வரை, கேட்க நாதியில்லாத அந்த நாட்களில் ஊரைக் கொள்ளை போகாமல் பார்த்துக்கொண்டது அவர்கள்தான். எங்கள் பெரியவர்கள் அந்த நாட்களைச் சொல்லும்போது குரலில் ஒரு நன்றி இருக்கும்.

ஆனால் நான் உங்கள் உறவினர்களிடம் சொல்லச் சொல்வது இதுதான். உங்கள் பெரிய தாத்தா படையில் சேர்ந்த காரணம் அநேகமாக வானம் பார்த்த பூமியும் மாதச் சம்பளமும். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக அதுதான் வழி, கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் வந்துவிட்டதே. அவர் யாருடைய பேரரசைக் காப்பாற்றினார் என்பதை வரலாறு பேசட்டும். அவர் காப்பாற்றப் பார்த்த ஆட்கள் இருபது முப்பது பேர், சேலத்தான், ஆற்காட்டான், ராமநாதபுரத்தான். அவர்களில் பாதிப் பேராவது வீடு திரும்பியிருந்தால் அதற்கு அவரும் ஒரு காரணம். அதற்குக் கல் வைக்கலாம். எதிர்ப்பக்கம் நின்று இறந்த ஐ.என்.ஏ. பிள்ளைகளுக்கும் கல் வைக்கலாம், அவர்களுக்குத் தவுக்யானில் தூணும் இல்லை, சிங்கப்பூரில் நேதாஜி எழுப்பிய நினைவுச் சின்னத்தை ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் தகர்த்துவிட்டார்கள். ஒருவருக்குச் செய்தால் இன்னொருவருக்குக் குறைந்துவிடாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. மோல்மேனுக்குத் தெற்கே தன்புசயாத்தில் இன்னொரு போர்க் கல்லறை இருக்கிறது, சயாம் மரண ரயில் பாதையில் இறந்த கைதிகளுக்கானது. காமன்வெல்த் வீரர்கள் 3,149, டச்சுக்காரர்கள் 621, எல்லாம் எண்ணி வைத்திருக்கிறார்கள். அதே பாதையில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மலாயாத் தமிழர்கள் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியலே இல்லை. உங்கள் குடும்பத்துக்கு ஒரு படை எண்ணும் தூணில் ஒரு வரியும் கிடைப்பதே பெரிய கொடுப்பினை. அதைத் தேடாமல் விட்டால்தான் தப்பு.

அடுத்து ஊரில் வைக்கிற கல். நம்மவர்களுக்கு இது புதிதில்லை. உங்கள் ஊரிலிருந்து செங்கம் பக்கம் போனால் பல்லவர் காலத்து நடுகற்கள் வயல்வெளியில் நிற்கின்றன. அதில் எழுதியிருக்கிற முறையை ஒரு தடவை பாருங்கள்: எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்த ஊரில், என்ன சண்டையில், பெயர் என்ன, பட்டான், அதாவது இறந்தான். அவ்வளவுதான். 7ஆம் நூற்றாண்டின் எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு நின்று கள்ளர்களைக் கடித்த நாயின் பெயர் கோவிவன் என்பதுகூட வந்துவிட்டது. அந்த நாயின் பெயர்தான் அந்தச் சண்டையை இன்றைக்கும் நம் கண்முன் நிறுத்துகிறது. இப்போது ஊருக்கு ஊர் வைக்கிற கிரானைட் பலகைகளில் வீரத்திருமகன், மாவீரர், தியாகச் செம்மல் என்று அடைமொழி நாலு வரி, திறந்து வைத்தவர் பெயர் மூன்று வரி, இறந்தவரைப் பற்றி ஒரு வரி. தயவுசெய்து அப்படி வேண்டாம்.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். முதல் வரி அவர் பெயர், தமிழில், வீட்டில் கூப்பிட்ட மாதிரி. கீழே தந்தை பெயர், தாய் பெயர், மனைவி பெயர். பிறகு ஜமேதார், மதராஸ் சாப்பர்ஸ், கம்பெனி எண், படை எண். பிறகு 'தாரண வருடம் பங்குனி மாதம், 1945 மார்ச் இத்தனாம் தேதி, பர்மாவில் இந்த இடத்தில் இந்த வேலையில் இருக்கும்போது இறந்தார்'. தேதி மார்ச் முதல் பாதி என்றால் மாசி, அதைப் பஞ்சாங்கத்தில் சரிபாருங்கள். பிறகு 'இவர் பெயர் ரங்கூன் தவுக்யானில் இந்த முகப்பில் உள்ளது'. ஆணையத்தின் பதிவில் பெயர் வேறு எழுத்தில் இருந்தால் அந்த எழுத்திலும் ஒரு வரி, நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளை தேடும்போது உதவும். இடம் மிச்சமிருந்தால் அவரோடு அதே ஊரிலிருந்து படைக்குப் போன மற்றவர்களின் பெயர்கள், திரும்பி வந்தவர்களும் சேர்த்து. முதல் உலகப் போருக்குப் பிறகு சில ஊர்களில் இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள் என்று சர்க்கார் பளிங்குப் பலகை பதித்தது, அதில் எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. உங்கள் கல்லில் பெயர் இருக்கட்டும்.

டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் யாரோ உங்களிடம் கேட்டார்களாம். இருக்காது, அது சுதந்திரத்துக்குப் பின் இறந்தவர்களுக்கானது, 2019இல் திறந்தது. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்திலும் கிடைக்காது, ஆனாலும் பிள்ளைகளை ஒரு தடவை அழைத்துப் போங்கள், தவுக்யான் எப்படி இருக்கும் என்று ஒரு அந்தாஜு கிடைக்கும், பராமரிப்பதும் அதே ஆணையம்தான்.

திதி பற்றி. சரியான தேதி கிடைத்துவிட்டால் பழைய பஞ்சாங்கம் பார்த்துத் திதியைக் கண்டுபிடித்துக் கொடுக்க ஊர் ஐயரோ ஜோசியரோ போதும். பலர் இறந்த நாள் தெரியாததால் இத்தனை வருஷம் எதுவுமே செய்யவில்லை என்று வருத்தப்படுவார்கள், மகாளய அமாவாசையில் சேர்த்துச் செய்தால் போதும் என்பதுதான் இங்கே எங்கள் பெரியவர்களின் வழக்கமும். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கால்நடையாக இந்தியாவுக்குக் கிளம்பி வழியிலேயே போய்ச்சேர்ந்தவர்கள் எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு, அவர்களுக்கும் தேதி கிடையாது.

நேரில் வருவதாக இருந்தால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வாருங்கள், ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழை விடாது. நவம்பரில் நினைவு ஞாயிறு அன்று தூதரகங்கள் மலர்வளையம் வைக்கும், அன்றைக்குக் கூட்டம், குடும்பத்தோடு நிதானமாக நிற்க வேறு நாள் நல்லது. காலையில் வெயில் சாய்வாக விழும்போதுதான் வெட்டிய எழுத்து நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும், நடுப்பகலில் எடுத்த படத்தில் கல் வெளுத்து எழுத்தே காணாது. பெயர்கள் படைப்பிரிவு வாரியாக, அதற்குள் பதவி வாரியாக இருக்கின்றன, ஆகவே ஜமேதார்கள் சிப்பாய்களுக்கு மேலே வருவார்கள், தலைக்கு மேலே அண்ணாந்து பார்க்க வேண்டிவரலாம். முகப்பு எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் அரை நாள் சுற்றுவீர்கள். பெயரை மட்டும் நெருக்கி ஒரு படம், அந்த முகப்பு முழுக்கத் தெரிய ஒரு படம், பெயருக்கு முன்னால் நீங்கள் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுங்கள்.

பூ வைக்கலாம், அடியில் வையுங்கள். ஊதுவத்தியைக் கல்லின் இடுக்கில் செருகுவது, சூடம் ஏற்றுவது, தேங்காய் உடைப்பது, எண்ணெய் தொட்டுப் பெயரில் தடவுவது வேண்டாம். மனசு கேட்காமல் ஒரு பாட்டி விபூதியை அந்தப் பெயர்மேல் பூசப் போனார்கள், நான் தடுத்தேன், அந்தம்மா விபூதியைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, வெறும் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார்கள். ஆங்கிலம் தெரியாதவர்கள். முதல் எழுத்து எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அங்கிருந்து ஆரம்பித்தார்கள். தர்ப்பணம், படையல் எல்லாவற்றையும் ரங்கூன் ஊருக்குள் வைத்துக்கொள்ளலாம், இங்குள்ள காளி கோயிலில் தமிழிலேயே பேசிச் செய்துகொள்ள முடியும், சிலர் அவர் பெயரில் அன்னதானம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

மெய்க்திலா, மியின்ஜான் வரை போய் அவர் இறந்த மண்ணை எடுத்துவர ஆசை வரும். இப்போதைய நிலைமையில் அந்தப் பக்கம் போகச் சொல்லமாட்டேன். 2021க்குப் பிறகு அங்கே சண்டை, வழியெல்லாம் சோதனை. தவுக்யான் வரை சமாளிக்கலாம், அதுவும் வருவதற்கு முன் நிலைமையைக் கேட்டுக்கொண்டு. பர்மாவுக்குள் நுழையாமலே அவர் வந்த வழியின் ஒரு முனையைப் பார்க்க ஆசைப்பட்டால் மணிப்பூரில் எல்லையோரம் மோரே இருக்கிறது, எதிரே தமு. அறுபதுகளில் இங்கிருந்து விரட்டப்பட்டுக் கப்பலில் ஊர் திரும்பிய நம்மவர்களில் சிலர், ஊரில் பிழைக்க வழியில்லாமல் தரைவழியாகத் திரும்பி வரப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். தமிழ்க் கோயில் கட்டி வாழ்கிறார்கள். 14ஆம் ராணுவம் உள்ளே வந்த பாதைகளில் ஒன்று அந்த வழிதான். மணிப்பூரிலும் இப்போது அமைதி குறைவு, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது மூன்று நாலு வேலைதான். போட்டோவின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும். வீட்டில் எழுபது எண்பது தாண்டியவர்கள் யார் இருந்தாலும் உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள், தந்தி யார் கையில் வந்தது, யார் படித்துச் சொன்னார்கள், மனைவி எந்த ஊர் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய பெட்டிகளில் பென்ஷன் காகிதம், மணியார்டர் கூப்பன் தேடுங்கள், படை எண் அதிலும் ஒளிந்திருக்கலாம். எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், முகப்பு எண்ணை நாம் இரண்டு பேரும் தனித்தனியாகத் தேடி ஒத்துப்பார்த்துக்கொள்வோம். மழை விட்டதும் நான் போய்ப் படம் எடுத்து அனுப்புகிறேன். கல் வெட்டுகிறவரிடம் அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.